பள்ளியில் மௌன நாள்: நம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஏப்ரல் வந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் இந்தக் கேள்விகள் தவறாமல் வரும்; பதில் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு விட்டுவிடும். கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடுமானவரை அப்படியே வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, தீர்ப்புகளைப் படித்துப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு அம்மா, அவ்வளவுதான்.

1. ஏப்ரல்ல ஒரு நாள் முழுக்கப் பேசாம இருக்கப் போறேன்னு என் பொண்ணு சொல்றா. என்னங்க இது?

இதன் பெயர் ‘டே ஆஃப் சைலன்ஸ்’, மௌன நாள். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் பள்ளியில் படும் கேலி, மிரட்டல், அடி ஆகியவற்றின் மீது கவனம் திரும்ப வேண்டும் என்பதற்காக, மாணவர்கள் ஒரு பள்ளிநாள் வாய் திறக்காமல் இருப்பார்கள். ஏன் பேசவில்லை என்று கேட்டால் ஒரு சிறு அட்டையை நீட்டுவார்கள், காரணம் அதில் அச்சிட்டிருக்கும். சிலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வார்கள், சிலர் வாயில் டேப். பள்ளி விட்டபின் பல இடங்களில் கூடி மௌனத்தைக் கலைப்பதும் உண்டு. அன்று கோஷமோ ஊர்வலமோ கிடையாது. மௌன விரதம் இருக்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

2. இதை ஸ்கூலே நடத்துதா? யார் கிளப்பிவிட்டது?

பள்ளி நடத்துவதில்லை. 1996இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மரியா புல்செட்டி என்ற 18 வயது மாணவி, அகிம்சைப் போராட்டங்கள் பற்றிய ஒரு வகுப்புப் பணியிலிருந்து இந்த யோசனையைப் பிடித்தார். முதல் முறை 150 பேர் அளவில் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே ஏறக்குறைய 100 கல்லூரிகளுக்குப் பரவியது. 2001இல் கிளிசன் என்ற அமைப்பு அதிகாரப்பூர்வமாகப் பொறுப்பேற்ற பிறகுதான் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பெரிய அளவில் வந்தது. கிளிசன் 1990இல் மாசசூசெட்ஸில் ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய அமைப்பு.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இதை ஏற்பாடு செய்வது அநேகமாக ஒரு மாணவர் கிளப். முதல்வர் அனுமதித்திருப்பார், அல்லது கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார். பள்ளி சொல்வதும் மாணவர் சொல்வதும் சட்டத்தின் முன் இரண்டு தனித்தனி விஷயங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

3. வாயை மூடிட்டு இருந்தா கேலி பண்றவன் நிறுத்திடுவானா?

நிறுத்த மாட்டான். ஏற்பாடு செய்பவர்களும் அப்படிச் சொல்வதில்லை. பயந்து பயந்து தன்னை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தினமும் எப்படி இருக்கிறதோ, அப்படி மற்றவர்கள் ஒரு நாள் இருந்து காட்டுவதுதான் நோக்கம். பார்க்கிற ஆசிரியரோ சக மாணவரோ கொஞ்சம் யோசித்தால் போதும் என்கிறார்கள்.

இது போதாது என்ற குரல் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. ஏற்கெனவே வாயடைக்கப்பட்டவர்களுக்காக நாமும் ஏன் வாயை மூட வேண்டும் என்று மாணவர்களே கேட்டார்கள். மாநிலச் சட்டசபைகளில் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரான மசோதாக்கள் பெருகியபின் அந்தக் கேள்வி வலுத்தது. 2024இல் கிளிசன் அந்த நாளின் பெயரையே ‘மௌனம் இல்லா நாள்’ என்று மாற்றி, பேசச் சொன்னது. பழைய முறையிலேயே நடத்தும் பள்ளிகள் இன்னும் உண்டு. என்னைக் கேட்டால், பள்ளிக்குள் அந்த மௌனம்தான் நன்றாக வேலை செய்தது. கத்துகிறவரைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். சும்மா இருக்கிற பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பல நிர்வாகங்கள் விழித்தன.

4. உண்மையிலேயே அவ்வளவு புல்லியிங் நடக்குதா, இல்ல ஊதிப் பெரிசாக்குறாங்களா?

கிளிசன் தானே எடுக்கும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2021இல் 22,298 மாணவர்கள் பதில் சொன்னார்கள். சீண்டலுக்கோ அடிக்கோ ஆளானவர்களில் 10இல் 6 பேர் அதைப் பள்ளியில் சொல்லவே இல்லை. சொன்னவர்களிலும் 10இல் 6 பேர், பள்ளி ஒன்றும் செய்யவில்லை அல்லது ‘கண்டுக்காதே’ என்றது என்கிறார்கள். ஆனால் இது விருப்பப்பட்டவர்கள் நிரப்பிய படிவம், நாட்டின் எல்லா மாணவர்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மாதிரி ஆகாது. அந்த ஆட்சேபம் நியாயமானது.

அதனால் நான் பார்ப்பது சிடிசி எனும் மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையம் எடுக்கும் இளைஞர் கணக்கெடுப்பை. அது மாதிரி முறைப்படி தேர்ந்தெடுத்த பள்ளிகளில் எடுப்பது. 2023 கணக்கில் இந்தப் பிரிவு மாணவர்களில் 10இல் ஏறக்குறைய 3 பேர் பள்ளியில் சீண்டப்பட்டதாகச் சொன்னார்கள். மற்ற மாணவர்களிடையே அது 10இல் 2க்கும் குறைவு. ஊதிப் பெரிசாக்கியது என்று ஒதுக்க முடியாத இடைவெளி இது.

5. என் பையன் அப்படிப்பட்டவன் இல்லையே, அவன் எதுக்கு இதுல?

கலந்துகொள்பவர்களில் நிறையப் பேர் தோழனுக்காகவோ தோழிக்காகவோ வருகிறவர்கள். பிள்ளை அட்டை வைத்திருந்ததால் அவன் யார் என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம். அவனிடம் சந்தேகத்தோடு குறுக்கு விசாரணையும் வேண்டாம்.

இன்னொன்று. இந்தச் சீண்டல் ‘அப்படிப்பட்டவர்’களோடு நிற்பதில்லை. 2009 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளியில் அவனை நாள் தவறாமல் ‘கே’ என்று கூப்பிட்டுத் துன்புறுத்தியிருந்தார்கள். அவன் தன்னை அப்படி ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அம்மா பள்ளியிடம் திரும்பத் திரும்ப முறையிட்டிருந்தார். அந்த ஆண்டு மௌன நாள் ஏப்ரல் 17, அவனுடைய 12ஆவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாள். நடனம் கற்கும் பையன், மெல்லிய குரல், கணக்கில் முதலாவதாக வரும் ஒல்லியான இந்தியப் பிள்ளை: யாருக்கு அந்தப் பட்டம் ஒட்டும் என்று இங்கே வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

6. ஸ்கூலுக்குள்ள போராட்டம் பண்ண பிள்ளைங்களுக்குச் சட்டம் அனுமதிக்குதா?

அனுமதிக்கிறது. அடித்தளம் 1969ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கு. 1965 டிசம்பரில் அயோவா மாநிலம் டெமாயின் நகரில் வியட்நாம் போருக்கு எதிராகக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த பிள்ளைகளைப் பள்ளி வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் நின்றது. மாணவர் பள்ளி வாசலில் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்பது அதன் சாரம்.

இரண்டு எல்லைகள் உண்டு. பாடம் நடப்பதைக் கணிசமாகக் குலைத்தாலோ, மற்ற மாணவர்களின் உரிமையில் கை வைத்தாலோ பள்ளி தடுக்கலாம். ‘யாருக்காவது பிடிக்காது’ என்ற பயம் மட்டும் காரணமாகாது. இந்த இரண்டு எல்லைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 11ஆம் கேள்வியில் இவற்றை வைத்துத்தான் சண்டை.

7. அப்போ டீச்சர் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாம இருக்கலாமா?

கூடாது. இடைவேளையில், உணவு நேரத்தில், வராந்தாவில் மௌனமாக இருப்பது உரிமை. வகுப்பில் ஆசிரியர் பதில் சொல்லச் சொன்னால் சொல்ல வேண்டும். மௌன நாளை ஆதரிக்கும் சட்ட அமைப்புகளே மாணவர்களுக்கு இப்படித்தான் அறிவுரை தருகின்றன. முந்தின நாளே ஆசிரியரிடம் சொல்லி, எழுதிப் பதில் தரலாமா என்று கேட்பது நல்லது. முக்கால்வாசி ஆசிரியர்கள் சரி என்பார்கள். அன்று வாய்மொழித் தேர்வு இருந்தால் பேசித்தான் ஆக வேண்டும்.

8. கிளாஸை விட்டு வெளிநடப்பு பண்ணாங்கன்னா?

அது வேறு கணக்கு. வகுப்பை விட்டு எழுந்து போனால் வராத நாளாகக் குறிக்கலாம், வழக்கமான தண்டனை தரலாம். ஆனால் சினிமாவுக்குப் போக வகுப்பைக் கட்டடித்த பையனுக்குத் தருவதைவிட அதிகமாக, அவன் சொன்ன கருத்துக்காகத் தர முடியாது.

2022இல் இரண்டு பெரிய அலைகள் வந்தன. மார்ச் தொடக்கத்தில் ஃபுளோரிடா முழுவதும் மாணவர்கள் வெளியே வந்தார்கள். தொடக்க வகுப்புகளில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்ற மசோதாவுக்கு எதிராக. அந்த மாதம் 28ஆம் தேதி ஆளுநர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டார். செப்டம்பரில் வர்ஜீனியாவில், திருநர் மாணவர்கள் குறித்து ஆளுநர் யங்கின் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலை எதிர்த்துப் பல பள்ளிகளில் வெளிநடப்பு நடந்தது. சில இடங்களில் விதிகளே இளகியிருக்கின்றன. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் 7ஆம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு விடுப்பு தருகிறது. கலிஃபோர்னியாவில் 2023 முதல் மாநிலச் சட்டமே ஒரு நாள் தருகிறது. முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டியிருக்கலாம், பள்ளிக் கையேட்டைப் பாருங்கள்.

9. எதிர்க்கிறவங்க என்னதான் சொல்றாங்க? எல்லாரும் கெட்டவங்களா?

இல்லை. அவர்கள் சொல்வதில் மூன்று தனி வாதங்கள் இருக்கின்றன. சீண்டல் தவறு, ஆனால் ஒரு கருத்தை நல்லது என்று ஏற்கச் சொல்வது வேறு, இந்த நாள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது என்பது முதல் வாதம். பாட நேரம் வீணாகிறது, ஆசிரியர்களே கலந்துகொண்டால் பள்ளி ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்பது அடுத்தது. மறுகருத்து உள்ள பிள்ளை அன்று வாய் திறக்க முடியாது, திறந்தால் அவனுக்கே ‘புல்லி’ என்று பெயர் என்பது கடைசி. ஆசிரியர்கள் பற்றிய கவலை எனக்கும் நியாயமாகப் படுகிறது; வகுப்பு நடத்தும் நேரத்தில் ஆசிரியர் மௌனம் காப்பது அவர் வேலைக்குப் பொருந்தாது. கடைசி வாதத்துக்கு நீதிமன்றங்களே ஓரளவு செவி சாய்த்திருக்கின்றன.

2005இல் அலையன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற கிறிஸ்தவச் சட்ட அமைப்பு ‘டே ஆஃப் ட்ரூத்’, உண்மை நாள் என்று ஒரு போட்டி நாளைத் தொடங்கியது. பின்னர் பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று சொல்லிவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் அதை ஏற்றது. 2010 இலையுதிர் காலத்தில் சீண்டலால் பதின்ம வயதினர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் நாட்டையே உலுக்கியபோது எக்ஸோடஸ் ஒதுங்கிக்கொண்டது. ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி அமைப்பு ‘உரையாடல் நாள்’ என்று பெயர் மாற்றி 2011 முதல் நடத்தியது. எக்ஸோடஸ் 2013இல் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடையையே மூடியது.

10. வம்பே வேணாம், அன்னிக்கு லீவு போட்டு வீட்ல வச்சுக்கவா?

அப்படிச் செய்யச் சொல்லிப் பிரசாரமே நடந்தது. 2008இல் வாஷிங்டன் மாநிலத்து மவுன்ட் சை உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாதிரியார் தலைமையில் வாசலில் ஆர்ப்பாட்டம், உள்ளே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரவில்லை. லீவு உங்கள் இஷ்டம். என் கருத்து: யாரும் உங்கள் பிள்ளையைக் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வழக்கம்போலப் பேசிக்கொண்டு, வழக்கம்போல டிஃபன் சாப்பிட்டுவிட்டு வரலாம். லீவு போட்டால் தவறிப்போகும் கணக்கு வகுப்புதான் மிச்சம்.

11. எங்க மத நம்பிக்கைக்கு இது ஒத்து வராது. எதிர்க்கருத்தை டி-ஷர்ட்ல போட்டுட்டுப் போகலாமா?

இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். மூன்றிலும் மாணவருக்காக வாதாடியது மேலே சொன்ன அதே சட்ட அமைப்புதான், இப்போது அதன் பெயர் அலையன்ஸ் டிஃபெண்டிங் ஃப்ரீடம்.

2004 ஏப்ரல், சான் டியேகோ அருகே போவே உயர்நிலைப் பள்ளி. மௌன நாளை ஒட்டி ஒரு மாணவர், தன்பாலீர்ப்பு வெட்கக்கேடு என்று விவிலிய வசன எண்ணோடு எழுதிய சட்டை போட்டு வந்தார். கழற்ற மறுத்ததால் அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். 2006இல் 9ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படி, ஒவ்வொரு வட்டாரமும் சில மாநிலங்களுக்குப் பொது) பள்ளிக்குச் சாதகமாகச் சொன்னது: சிறுபான்மை மாணவரின் அடையாளத்தையே தாக்கும் வாசகம் ‘மற்றவர் உரிமை’ என்ற எல்லையைத் தாண்டுகிறது. மூவர் அமர்வில் ஒருவர் கடுமையாக மாறுபட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம், மாணவர் படிப்பை முடித்துவிட்டதால் வழக்கு காலாவதி என்று அந்தத் தீர்ப்பையே நீக்கிவிட்டது.

அடுத்தது இல்லினாயின் நேப்பர்வில், நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊர். மௌன நாளுக்கு மறுநாள் ஒரு மாணவி ‘சந்தோஷமாக இரு, கேயாக இருக்காதே’ என்ற பொருளில் ஆங்கிலச் சொல்விளையாட்டு ஒன்றை அணிந்து வந்தார். பள்ளி ஊழியர் பின்பாதி வார்த்தைகளை அடித்துவிட்டார். 7ஆம் வட்டார நீதிமன்றத்தில் நீதிபதி போஸ்னர், மனம் புண்படும் என்பது மட்டும் தடைக்குப் போதாது என்று மாணவி பக்கம் தீர்ப்பளித்தார். 2011 இறுதித் தீர்ப்பில் அந்த மாணவிக்கும் வழக்கில் சேர்ந்த இன்னொரு மாணவருக்கும் கிடைத்த நஷ்டஈடு ஆளுக்கு 25 டாலர்!

மூன்றாவது 2023, மாசசூசெட்ஸின் மிடில்பரோ. ‘இரண்டே பாலினங்கள்தான்’ என்று எழுதிய சட்டையோடு நடுநிலைப் பள்ளி மாணவர் வந்தார். 2024இல் 1ஆம் வட்டார நீதிமன்றம் பள்ளி தடுத்தது சரி என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. நீதிபதிகள் அலிட்டோ, தாமஸ் இருவரும் எடுத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆக, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

12. அவங்க அட்டை கொடுத்தா உரிமை, நாங்க சட்டை போட்டா தடையா? இது ஒரு கண்ல வெண்ணெய் ஒரு கண்ல சுண்ணாம்பு இல்லையா?

பாதி சரி. டிங்கர் தீர்ப்பு யாருடைய சொத்தும் இல்லை. மௌன அட்டை கொடுக்கும் பிள்ளையும் ‘உரையாடல் நாள்’ அட்டை கொடுக்கும் பிள்ளையும் அதே தீர்ப்பைத்தான் கையில் பிடித்திருக்கிறார்கள். ஒன்றை அனுமதித்து மற்றதைக் கருத்துக்காகவே தடுத்தால் பள்ளிக்கு வழக்கு வரும், வரவும் வேண்டும். என் மகளின் மௌனத்தைக் காப்பாற்றும் சட்டம் எனக்குப் பிடிக்காத அட்டையையும் காப்பாற்றும் என்பதை நான் ஏற்றுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மாறுவது எங்கே என்றால், கொள்கை பற்றிப் பேசுவதிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு நகரும்போது. ‘என் மதம் இதை ஏற்கவில்லை’ என்பது கருத்து. ஒரு குறிப்பிட்ட மாணவனைப் பார்த்து தினமும் லாக்கர் பக்கம் சொன்னால் அது சீண்டல். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா எங்களுக்கெல்லாம் 3ஆம் வட்டார நீதிமன்றம். அது 2001இலேயே, துன்புறுத்தல் தடுப்பு என்ற பெயரில் உரிமையுள்ள பேச்சையும் சேர்த்துத் தடைசெய்யும் அளவுக்கு அகலமான பள்ளி விதி ஒன்றைச் செல்லாது என்றது. எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றம் போன அதே அலிட்டோ.

13. இதுக்குன்னு கிளப் வேற இருக்காமே, அதை ஸ்கூல் ஏன் விடுது?

ஜிஎஸ்ஏ கிளப்பைச் சொல்கிறீர்கள், தன்பாலீர்ப்பு, திருநர் பிள்ளைகளும் அவர்கள் தோழர்களும் சேர்ந்து நடத்துவது. தடுக்கச் சட்டம் இடம் தராது, அதனால்தான். 1984இன் சம அணுகல் சட்டப்படி, மத்திய நிதி பெறும் அரசு உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மாணவர் கிளப்பை அனுமதித்தால் மற்றதையும் அனுமதிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்காக அன்று பாடுபட்டவர்கள் பைபிள் கிளப்புக்கு இடம் கேட்ட கிறிஸ்தவ அமைப்புகள். பிறகு அதே கதவு வழியாக ஜிஎஸ்ஏவும் உள்ளே வந்தது. 1996இல் சால்ட் லேக் சிட்டி பள்ளி வாரியம் ஒரே ஒரு ஜிஎஸ்ஏவைத் தடுப்பதற்காகப் பாடம் சாராத எல்லா கிளப்புகளையும் ஒழித்தது. 2000இல் எல்லாம் திரும்பி வந்தன. நம் பிள்ளைகள் நடத்தும் தமிழ் கிளப்பும் இந்து மாணவர் கிளப்பும் இதே சட்டத்தின் நிழலில்தான் இருக்கின்றன.

14. என் பொண்ணு பிரைவேட் ஸ்கூல். இதெல்லாம் செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்துவது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மாநிலச் சட்டமும். கலிஃபோர்னியா மட்டும் மதச் சார்பற்ற தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அந்த உரிமையை நீட்டித்திருக்கிறது.

15. இப்போ சுப்ரீம் கோர்ட்டே பெற்றோர் விலக்கிக்கலாம்னு சொல்லிடுச்சே, மௌன நாளுக்கும் அது பொருந்தும்தானே?

2025 ஜூன் 27 தீர்ப்பு அது. மேரிலாந்தின் மான்ட்கோமரி மாவட்டத்தில், தொடக்க வகுப்புகளில் எல்ஜிபிடி பாத்திரங்கள் வரும் கதைப்புத்தகங்களைப் படித்துக்காட்டும்போது பிள்ளையை விலக்கிக்கொள்ளும் வசதியைப் பள்ளி நிறுத்தியிருந்தது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 6க்கு 3 என்று அவர்கள் வென்றார்கள்.

அது பள்ளி நடத்தும் பாடத்துக்கு. 2ஆம் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் உதவும்: வராந்தாவில் சக மாணவி நீட்டும் அட்டை பாடம் இல்லை. அதைப் பார்க்காமல் இருக்கும் உரிமை என்று ஒன்று கிடையாது. அதே நேரம் ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் மௌனம் காக்கச் சொல்லி, உங்கள் பிள்ளையும் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், 2025 தீர்ப்புக்கே போக வேண்டாம். கொடி வணக்கம் செய்ய மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 1943 தீர்ப்பு போதும்.

16. நாங்க ஹெச்-1பி. பிள்ளை இதுல கலந்துக்கிட்டா விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

2025இல் போராட்டங்களில் ஈடுபட்ட பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர்களின் விசாக்கள் ரத்தான செய்திகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி குரலைத் தாழ்த்தித்தான் வருகிறது. இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே சொல்லியிருக்கிறது. பள்ளி தரும் டிடென்ஷன் போலீஸ் பதிவு ஆகாது. உணவு இடைவேளையில் மௌனமாக இருப்பதை வைத்துப் பயப்பட ஒன்றும் இல்லை. தெருவில் இறங்கும் வெளிநடப்பில் கைதாகும் வாய்ப்பு இருந்தால் மட்டும் முதலில் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

17. காலேஜ் அப்ளிகேஷன் கெட்டுப் போயிடாதா?

வந்துவிட்டதா இந்தக் கேள்வி! 2018இல் பார்க்லேண்ட் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நாடு முழுவதும் மாணவர்கள் வெளிநடப்புச் செய்தபோது, அமைதியான போராட்டத்துக்காகத் தண்டனை பெற்றால் சேர்க்கையைப் பாதிக்காது என்று எம்ஐடி உள்படப் பல கல்லூரிகள் வெளிப்படையாகச் சொன்னன. 7ஆம் கேள்வியில் சொன்னபடி நடந்தால் மௌன நாளில் தண்டனை வரக் காரணமே இல்லை. நிம்மதியாக இருங்கள்.

18. நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல இப்படியெல்லாம் உண்டா?

மாணவர் நடத்தும் இப்படிப்பட்ட இயக்கம் அங்கே பள்ளிகளில் வேரூன்றவில்லை. அழுத்தம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தன்பாலீர்ப்புப் பெண் இணையின் வழக்கில், பள்ளி கல்லூரிகளிலும் விழிப்புணர்வு தர வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே ஆண்டு என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

19. சரி, என் பிள்ளையைச் சீண்டுறாங்க. மௌனம், அட்டை எல்லாம் இருக்கட்டும். நான் என்ன பண்ணணும்?

எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். விஸ்கான்சினின் ஆஷ்லாந்தில் ஜேமி நபோஸ்னி என்ற மாணவரை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். வயிற்றில் உதைபட்டு அறுவை சிகிச்சை வரை போனது. நிர்வாகம் பசங்க அப்படித்தான் என்று இருந்துவிட்டது. 1996இல் 7ஆம் வட்டார நீதிமன்றம், மற்ற புகார்களை விசாரிக்கும் பள்ளி இதை மட்டும் விட்டது சமப் பாதுகாப்பை மீறியது என்றது. 9 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அவரும் பெற்றோரும் மறுபடி மறுபடி பள்ளியிடம் முறையிட்டிருந்ததுதான் வழக்கின் முதுகெலும்பு.

நியூ ஜெர்சியில் 2011 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சீண்டல் தடுப்புச் சட்டம் நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. இங்கே சீண்டலை எச்ஐபி என்பார்கள் (துன்புறுத்தல், மிரட்டல், சீண்டல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). புகார் வந்த ஒரு பள்ளிநாளுக்குள் முதல்வர் விசாரணையைத் தொடங்க வேண்டும், எழுத்துப் புகாரிலிருந்து 10 பள்ளிநாட்களுக்குள் முடிக்க வேண்டும். மின்னஞ்சலில் ‘எச்ஐபி புகார்’ என்ற சொல்லையே போடுங்கள், அப்போது எந்தச் சட்டப்படி புகார் என்பதில் குழப்பம் வராது. யார், எங்கே, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள், என்ன வார்த்தை. வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். பிள்ளை எந்த அடையாளத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள் பள்ளியிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அப்படி நினைத்துச் சீண்டினாலே சட்டத்துக்குப் போதும்.

20. இதைத் தனியாக் கேக்கணும்னு நினைச்சேன். என் பையன்தான் சீண்டினான்னு ஸ்கூல்லேந்து லெட்டர் வந்திருக்கு. விளையாட்டாச் சொன்னதாம்.

இந்தக் கேள்வி நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வருகிறது. மேலே சொன்ன நியூ ஜெர்சி சட்டத்துக்கு வேகம் கொடுத்தது 2010 செப்டம்பரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் டைலர் கிளெமென்டியின் மரணம். விடுதி அறையில் அவர் இன்னொரு ஆணோடு இருந்ததை வெப்கேமில் எட்டிப்பார்த்து ட்விட்டரில் பரப்பிய அறைத்தோழர் ஓர் இந்தியக் குடும்பத்துப் பிள்ளை, அப்போது 18 வயது. 2012இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 30 நாள் சிறைத் தண்டனை. 2016இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, கடைசியில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. நம் வீடுகளில் அன்று ‘பாவம், விளையாட்டுப் பிள்ளை’ என்று பேசியவர்கள் நிறைய. இறந்த பையனைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் பையன் செய்தது அவ்வளவு பெரியதாக இருக்காது. முதலில் அவனிடம் முழுதாகக் கேளுங்கள், அவன் போனில் உள்ள எதையும் அழிக்க விடாதீர்கள், அழித்தால் நிலைமை மோசமாகும். அந்தப் பிள்ளையின் பெற்றோரை நேரே கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள், மிரட்டலாகப் படலாம். மன்னிப்புக் கேட்க அவன் தயாராக இருந்தால் பள்ளி ஆலோசகர் வழியாகக் கேட்கட்டும். விசாரணை முடிவு பள்ளி வாரியத்துக்குப் போன 5 பள்ளிநாட்களுக்குள் உங்களுக்கும் எழுத்தில் வரும். அது தவறு என்று நினைத்தால், கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வாரியத்தின் முன் விசாரணை கேட்கலாம், கேட்ட 10 நாட்களுக்குள் அவர்கள் நடத்த வேண்டும். அது மூடிய அறையில் நடக்கும், ஊருக்குத் தெரியாது.